கூலியும் மொய்யும்: தமிழ் விக்கிப் பரிசுகளின் கதை

ஆட்டையாம்பட்டி என்று சொன்னால் சேலத்துக்கு வெளியே இருப்பவர்கள் "முறுக்கா?" என்று கேட்பார்கள். ஆமாம், கைமுறுக்குதான். அச்சில் பிழிவதல்ல. பிசைந்த மாவை விரல்களுக்கிடையே விட்டு முறுக்கிக்கொண்டே வட்டம் வட்டமாகச் சுற்ற வேண்டும். என் பெரியம்மா முப்பது வருஷம் அந்த வேலை செய்தார். கூலி எண்ணிக்கைக் கணக்கு. நூறு முறுக்குக்கு இவ்வளவு என்று பேச்சு. உடைந்தது கணக்கில் வராது. சாயங்காலம் நோட்டில் எழுதி வைத்து, சனிக்கிழமை மொத்தமாக வாங்கிக்கொண்டு வருவார். கூலி குறைவு என்று புலம்பியதுண்டு. ஆனால் அந்த நோட்டுக் கணக்கு அவரை ஒருநாளும் அவமானப்படுத்தியதில்லை.

அவமானம் வந்தது மாரியம்மன் பண்டிகையில். அன்னதானத்துக்கு மூன்று நாள் காய் நறுக்கி, அரிசி களைந்து, அண்டா விளக்கிக் கொடுத்தார். காசு பேச்சே இல்லை. கடைசி நாள் மைக்கில் நன்றி சொன்னார்கள். அரிசி மூட்டை கொடுத்தவர், பந்தல் போட்டவர், டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்துத் தன் பேரை எழுதி உபயம் செய்தவர் எல்லாரும் பட்டியலில் வந்தார்கள். சமையல்கட்டில் நின்ற பெண்களில் ஒருவர் பேரும் வரவில்லை. அடுத்த வருஷம் பெரியம்மா போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நான் காசா கண்ணு கேட்டேன்? பேரச் சொன்னா அவனுக்கு வாயா வலிக்கும்?" என்றார்.

இலவசமாக உழைப்பவர்கள் கணக்கே வைப்பதில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வைக்கிறார்கள். அது கூலி நோட்டைவிட நுட்பமான கணக்கு. தமிழில் இணையத்தை நிரப்பியவர்களின் வரலாற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மாவின் அந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. சம்பளமில்லாமல் உழைப்பவருக்கு எதை, எப்படி, யார் கொடுப்பது? தமிழர்கள் இந்தக் கேள்விக்குக் கால் நூற்றாண்டாகப் பலவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் பக்கத்தில் ஒரு பெயர்

1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று ஒருங்கிணைத்தார். யூனிகோடு பரவலாகாத காலம். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் பழைய நூல்களைக் கையால் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். மற்றொருவர் இணையப் பக்கமாக வடிவமைப்பார். யாருக்கும் காசு கிடையாது. ஆனால் மின்னூலைத் திறந்தால், தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று நூலின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கும்.

இது நம் பதிப்பு மரபில் வந்த பழக்கம்தான். உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முன்னுரையில் யாரிடமிருந்து எந்த ஏட்டுப் பிரதி கிடைத்தது என்று பெயர் பெயராகச் சொல்வார். அவரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பியவர் எங்கள் பக்கத்துக்காரர், சேலம் இராமசாமி முதலியார். 1880-இல் கும்பகோணத்தில் நடந்த அந்தச் சந்திப்பின் பலன் 1887-இல் அச்சில் வந்தது. சாமிநாதையர் அந்தச் சந்திப்பைத் தம் வாழ்க்கை வரலாற்றில் விரிவாக எழுதியதால்தான் முதலியாரின் பெயர் இன்றும் நிற்கிறது.

மதுரைத் திட்டத்தின் ஏற்பாட்டில் ஒரு நல்ல அம்சம் உண்டு. அங்கே தட்டச்சுக்காரருக்கும் மெய்ப்புக்காரருக்கும் ஒரே பக்கத்தில் இடம். பிழை திருத்துவதும் ஆக்கத்தின் பகுதிதான் என்று அந்தப் பக்கம் ஒப்புக்கொண்டது. பின்னால் வந்த பல பரிசுத் திட்டங்கள் மறந்துபோனது இதைத்தான்.

எல்லார் பெயரும் இருந்தும் தெரியாத இடம்

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய இ. மயூரநாதன் தொடக்க மாதங்களிலேயே அதில் சேர்ந்து, வேலை முடிந்த நேரங்களில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். 2017 மே மாதத்தில் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரையைத் தொட்டது.

விக்கியில் கட்டுரையின் தலையில் எழுதியவர் பெயர் இருக்காது. ஆனால் 'வரலாறு' என்ற தத்தலைச் சொடுக்கினால் ஒவ்வொரு மாற்றமும், செய்தவர் பெயரும், நேரமும் நொடிக் கணக்கில் இருக்கும். மதுரைத் திட்டத்தின் முதல் பக்கத்தைவிட நுணுக்கமான பதிவேடு இது. ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. உழைப்பு முழுக்கப் பதிவாகிறது, யார் கண்ணிலும் படுவதில்லை. பரிசுகளுக்கு அங்கே தேவை வந்தது இதனால்தான்.

முதலில் வந்தது பதக்கம். அமெரிக்கக் கிராமங்களில் தானியக் கொட்டகைகளின் சுவரில் நட்சத்திரம் பதிக்கும் வழக்கம் உண்டு. சுனிர் ஷா என்பவர் அந்த நட்சத்திரத்தை மீட்பால் விக்கி என்ற தளத்தில் நன்றி அடையாளமாக்கினார். 2003 டிசம்பரில் அது ஆங்கில விக்கிப்பீடியாவுக்கும் வந்தது. யாரும் யாருக்கும் கொடுக்கலாம். செலவில்லை, நடுவர் குழு இல்லை. தமிழிலும் இந்தப் பதக்கங்கள் பரவின. அதோடு தமிழ் விக்கிப்பீடியர்கள் தாமாக ஒன்று செய்தார்கள். முதற்பக்கத்திலேயே ஒரு பங்களிப்பாளரைச் சிறு குறிப்போடு அறிமுகம் செய்தார்கள். விக்கிப்பீடியாவின் முதற்பக்கம் என்பது கோயில் வாசல் மாதிரி. அங்கே ஒரு பள்ளி ஆசிரியரின் முகமோ, ஒரு மாணவரின் முகமோ தெரிவது பெரிய விஷயம்.

வெளியிலிருந்தும் ஒரு மரியாதை வந்தது. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை மயூரநாதனுக்கு அளித்தது. படைப்பாளிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் போகும் வாழ்நாள் விருது, கலைக்களஞ்சியம் கட்டிய ஒரு தன்னார்வலருக்குப் போனது. தகுதியானவருக்குத்தான் போயிற்று. ஆனால் அந்த ஒருவருக்குப் பின்னால் நூறு பேர் இருக்கிறார்கள். அந்த நூறு பேருக்கு என்ன வழி என்பதை வெளி விருது தீர்க்காது, வீட்டுக்காரர்கள்தான் தீர்க்க வேண்டும்.

காசு வந்தபோது

2009 வாக்கில் கூகுள் நிறுவனம் ஒரு முயற்சியில் இறங்கியது. ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு, காசு கொடுத்து, இந்திய மொழிகளில் பெயர்த்து ஏற்றத் தொடங்கியது. தமிழிலும் பெரிய பெரிய கட்டுரைகளாக வந்து விழுந்தன. மொழி கரடுமுரடு. அமெரிக்கப் பாடகர்களைப் பற்றி நீள நீளமாகக் கட்டுரைகள் இருந்தன, நம் ஊரில் தேவைப்படுகிற தலைப்புகள் குறைவாக இருந்தன. திருத்தச் சொல்லிப் பேச்சுப் பக்கத்தில் எழுதினால் பதில் வராது. ஏற்றியவருக்கு வேலை முடிந்துவிட்டது. அவர் கணக்கு முறுக்கு நோட்டுக் கணக்கு. அதில் தப்பும் இல்லை. ஆனால் உடைந்த முறுக்கைப் பொறுக்கும் வேலை தன்னார்வலர் தலையில் விழுந்தது.

வங்காள விக்கிப்பீடியர்கள் அந்தக் கட்டுரைகளை வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் பேசிப் பார்க்கும் வழியை எடுத்தார்கள். தரம், தலைப்புத் தேர்வு, திருத்தும் பொறுப்பு ஆகியவற்றைப் பற்றி நிறுவனத்தோடு உரையாடினார்கள். அ. இரவிசங்கர் இந்த அனுபவத்தை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். அந்தச் சர்ச்சையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. ஒரே வீட்டில் ஒருவர் கூலிக்கும் ஒருவர் ஆசைக்கும் வேலை செய்வதல்ல பிரச்சினை. கூலி வாங்கியவர் விட்டுப்போன மிச்சத்தை ஆசைக்காரர் சத்தமில்லாமல் சுமக்க வேண்டும் என்று யாரும் கேட்காமலே முடிவாகிவிட்டதுதான் பிரச்சினை.

2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. கணினியில் தமிழ் எழுதத் தெரிந்த ஒரு தலைமுறைக்கு விக்கிப்பீடியா என்ற பெயர் போய்ச் சேர்ந்தது. ஆனால் போட்டி முடிந்தபின் நிலைத்து நிற்பவர்கள் எப்போதும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

அடுத்தடுத்த போட்டிகளில் தமிழ் விக்கிப்பீடியர்கள் விதிகளைத் தாங்களே வகுத்தார்கள். 2011 இறுதியில் தொடங்கிய ஊடகப் போட்டி கட்டுரையை விட்டுவிட்டுப் படம், ஒலி, காணொளி ஆகியவற்றைக் கேட்டது. எழுத வராதவர்களுக்கும் கதவு திறந்தது. 2013-இல் தொடங்கிய தொடர் கட்டுரைப் போட்டி புதுக் கட்டுரை கேட்கவில்லை, ஏற்கெனவே குட்டையாகக் கிடந்த முக்கியமான கட்டுரைகளை வளர்க்கச் சொன்னது. எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ அது விளையும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

புலி வந்த வருஷம்

2018-இல் வேங்கைத் திட்டம் வந்தது. கூகுளும் விக்கிமீடியா அறக்கட்டளையும் பெங்களூரில் உள்ள இணையத்துக்கும் சமூகத்துக்குமான மையமும் சேர்ந்து நடத்திய 'புராஜெக்ட் டைகர்' அது. இந்திய மொழி விக்கிப்பீடியர்களுக்கு 50 குரோம்புக் மடிக்கணினிகளும் 100 பேருக்கு இணையக் கட்டணமும் தந்தார்கள். வேண்டுமென்பவர் பொதுப் பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தான் இதுவரை செய்ததையும், இனி செய்ய நினைப்பதையும் எழுத வேண்டும். மற்றவர்கள் அங்கேயே வழிமொழியலாம். எனக்கு இது பரிசைவிடப் பெரிதாகப் பட்டது. செல்போனில் தட்டிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கணினி கிடைப்பது சாதனைக்கு மாலை போடுவதல்ல, கைக்குக் கருவி கொடுப்பது.

பிறகு மார்ச் முதல் மே வரை மூன்று மாதக் கட்டுரைப் போட்டி. மொழிக்கொரு நடுவர் குழு, அந்தந்த மொழி விக்கிப்பீடியர்களே நடுவர்கள். தனியாளுக்கு மாதப் பரிசு. சமூகத்துக்கு என்று ஒரு பரிசு, அதுவும் காசல்ல, பயிற்சிப் பட்டறை. பஞ்சாபியும் தமிழும் கடைசி நாள் வரை முட்டிக்கொண்டன. இரண்டுமே 1,200-ஐத் தாண்டின, பஞ்சாபி முந்தியது. 2019 அக்டோபர் முதல் 2020 ஜனவரி வரை நடந்த இரண்டாம் சுற்றில் தமிழ் முதலிடம் பிடித்தது. அந்த நாட்களில் இரவு பன்னிரண்டு மணிக்கும் ஆள் விழித்திருந்து எண்ணிக்கை பார்த்தது எனக்குத் தெரியும். நம் மொழி முந்த வேண்டும் என்ற வெறிக்கு எந்த ரொக்கமும் ஈடில்லை.

ஆனால் இத்தகைய போட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொது நோய் உண்டு. அளவுகோல் பைட். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். ஆக 15 பைட். அதையே ஆங்கிலத்தில் எழுதினால் 5 பைட். 9,000 பைட் என்று வரம்பு வைத்தால் கேட்பதற்குப் பெரிதாக இருக்கும், தமிழில் அது மூவாயிரம் குறியீடு, முந்நூறு நானூறு சொல். அட்டவணையும் மேற்கோள் இணைப்புகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தால் சொல் இன்னும் குறையும். வேங்கைத் திட்டத்தில் பைட்டோடு 300 சொல் என்ற வரம்பையும் சேர்த்து வைத்தது இதற்காகத்தான்.

இந்த நோயைப் பற்றி நான் வெளியிலிருந்து பேசவில்லை. ஏதோ ஒரு போட்டியில் நானும் வரம்பைத் தொடுவதற்காக எழுதியிருக்கிறேன். எட்டாயிரத்துச் சொச்சத்தில் நிற்கிற கட்டுரையில் ஓர் அட்டவணையை நுழைத்து, ஒரே செய்தியை இரண்டு பத்தியில் சொல்லி, வரம்பு தாண்டியதும் சமர்ப்பித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். சான்றிதழும் வந்தது. பல மாதம் கழித்து அந்தக் கட்டுரைகளில் ஒன்றின் வரலாற்றைத் திறந்தேன். ஒரு புனைபெயர்க்காரர் நான் போன பின்னால் வந்து சந்திப்பிழை திருத்தி, உடைந்த வார்ப்புருவைச் சரிசெய்து, திரும்பத் திரும்ப வந்த பத்தியை நீக்கி, பகுப்புச் சேர்த்திருந்தார். அவர் பங்களிப்புப் பட்டியலைத் திறந்தால் இப்படி நூற்றுக்கணக்கில் இருந்தன. பத்தியை நீக்கினால் பைட் குறையும், மதிப்பெண் பலகையில் அது கழித்தல் குறி. அவர் செய்த நல்லது எல்லாம் சிவப்பு எண்களாகக் கிடந்தன. நன்றி எழுதலாம் என்று பேச்சுப் பக்கம் போனேன். அவருடைய கடைசித் தொகுப்பு அப்போதே பழையதாகியிருந்தது. அதன் பிறகு அவர் வரவில்லை.

அவர் ஏன் நின்றார் என்று எனக்குத் தெரியாது. பெரியம்மா ஏன் நின்றார் என்று தெரியும்.

மஞ்சளும் பச்சையும்

விக்கிமூலத்தில் இந்த அநியாயம் கொஞ்சம் குறைவு. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைக் கட்டற்ற உரிமத்தில் வழங்கியபின் தமிழ் விக்கிமூலம் பெரிதாக வளர்ந்தது. அங்கே ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறம் உண்டு. கணினி உணர்ந்து தந்த எழுத்து சிவப்பு. ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். வேறொருவர் மறுபடி சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. ஒரு நூல் பச்சையாக வேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும் என்பது அமைப்பிலேயே இருக்கிறது. மெய்ப்புக்கு ஒரு புள்ளி, சரிபார்ப்புக்கு ஒரு புள்ளி என்று தனித்தனியாகக் கணக்கு வைக்க முடிவது அதனால்தான்.

உலகத்தில் இதையெல்லாம் ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் ரெஸ்டிவோ, வான் டி ரிட் என்ற இருவர் ஆங்கில விக்கிப்பீடியாவின் மிகத் தீவிரமான பங்களிப்பாளர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பதக்கம் கொடுத்தார்கள். அடுத்த 90 நாளில், பதக்கம் பெறாதவர்களைவிட அவர்கள் உழைப்பு 60 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் குறைவாகப் பங்களித்தவர்களிடம் அதே பதக்கம் பலிக்கவில்லை என்று அவர்களே பின்னர் எழுதினார்கள். உழைக்காதவருக்கு வரும் பாராட்டு பாராட்டாகப் படுவதில்லை போலும். ஜெர்மன் விக்கிப்பீடியாவில் யானா காலுஸ் புதியவர்களுக்கு வெறும் அடையாள விருது கொடுத்துப் பார்த்தார். அடுத்த மாதமும் வந்தவர்களின் அளவு 20 சதவீதம் கூடியது. காசு ஒரு பைசா இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் விருது சின்னதாக இருக்கலாம், ஆனால் கொடுப்பவர் நம் வேலையைப் பார்த்தார் என்பது தெரிய வேண்டும் என்று புரிகிறது.

இதை மனதில் வைத்தே எனக்கு விக்கிப்பீடியா ஆசிய மாதம் பிடிக்கும். 2015-இல் தொடங்கியது. நவம்பரில் நான்கைந்து கட்டுரை எழுதினால் வேறோர் ஆசிய நாட்டிலிருந்து அஞ்சலட்டை வரும்.  முதலிடக்காரருக்குத் தூதர் என்று பட்டம் உண்டு. ஆனால் வரம்பைத் தொட்டவர் யாரும் தோற்றவராவதில்லை. எங்கள் ஊர்த் தபால்காரர் ஒருமுறை அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யாருங்க, சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

மொய் நோட்டு

இனி யாராவது ஒரு பரிசுத் திட்டம் போடுகிறேன் என்று வந்தால் நான் கூலி நோட்டைக் காட்ட மாட்டேன், மொய் நோட்டைக் காட்டுவேன். எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் வாசலிலேயே இரண்டு பேர் உட்கார்ந்து எழுதுவார்கள். ஊர், பெயர், தொகை. பத்து ரூபாயும் ஒரு வரி, பத்தாயிரமும் ஒரு வரி. எல்லார் முன்னாலும் எழுதுவதால் அப்புறம் சண்டையில்லை. என்றைக்கோ ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கடமையும் அந்த வரியிலேயே ஏறிவிடுகிறது.

அதையே இங்கே வைத்துப் பார்க்கலாம். விதிகள் போட்டி தொடங்கும் முன்பே எல்லார் கண்ணிலும் பட வேண்டும், நடுவில் மாறக் கூடாது. தீர்ப்பு சொல்பவர்கள் அந்த மொழியில் தாங்களே எழுதுபவர்களாக இருக்க வேண்டும், போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது, மறுத்தால் காரணத்தைப் பொதுவில் எழுத வேண்டும். ஒரு பெரிய பரிசைவிடப் பல சின்னப் பரிசு நல்லது. வரம்பைத் தொட்டவர் எல்லாருக்கும் ஏதாவது போய்ச் சேர வேண்டும். காசு கொடுப்பதானால் கருவியாக, இணையக் கட்டணமாக, பயணச் செலவாகக் கொடுப்பது பங்களிப்பவரைக் கூலியாளாக்காது. கட்டாயமாக, திருத்தியவருக்கு, நீக்கியவருக்கு, விஷமத் தொகுப்பை மீட்டவருக்கு, புதியவருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவருக்குத் தனி வரி வேண்டும். போட்டி முடிந்த அடுத்த மாதம் துப்புரவு மாதம் என்று அறிவித்து, அதற்கும் அதே அளவு பரிசு வைக்கலாம்.

இதில் பெயர் வேண்டாம் என்பவர்களும் உண்டு. புனைபெயரிலேயே இருந்து, மேடைக்கு அழைத்தால் மறுத்துவிடுபவர்கள். அவர்களை இழுத்துவந்து மாலை போடுவதும் ஒரு வன்முறைதான். அவர்களுக்குப் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி போதும். எந்தப் பக்கத்தில் எந்தப் பிழையைத் திருத்தினீர்கள் என்று குறிப்பிட்டு எழுதிய ஒரு வரி. பொதுவாக 'நன்றி' என்று எழுதுவது எல்லாருக்கும் ஒரே சந்தனம் பூசுவது மாதிரி, யாருக்கும் ஒட்டாது.

இப்போதெல்லாம் ராத்திரி தறிச் சத்தம் ஓய்ந்தபின் நான் புதுக் கட்டுரை எழுதுவதைக் குறைத்துக்கொண்டு மஞ்சள் பக்கங்களைப் பச்சையாக்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் மஞ்சளாக்கியவர் யார் என்று வரலாற்றில் பார்ப்பேன். வாரத்துக்கு ஒருவருக்காவது ஒரு வரி எழுதிவிடுகிறேன். அந்தப் புனைபெயர்க்காரரின் பேச்சுப் பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். பதில் இல்லை.

போன வருஷப் பண்டிகையில் விழாக்குழுவில் இளவட்டங்கள் வந்துவிட்டார்கள். சமையல்கட்டு வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, உள்ளே வேலை செய்தவர்கள் பெயரையெல்லாம் சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். மைக்கிலும் படித்தார்கள். பெரியம்மா இந்த முறை வேலைக்குப் போகவில்லை, வயசாகிவிட்டது. உட்கார்ந்து தேங்காய் மட்டும் துருவிக் கொடுத்தார். அவர் பெயரும் பலகையில் இருந்தது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாஞ் சரி கண்ணு. இனிஷியல மாத்திப் போட்டுட்டானுவ. நீதான் எழுத்து திருத்துற வேல பாக்குறியே, அதக் கொஞ்சம் சரி பண்ணு" என்றார்.

விரலால் அழித்துவிட்டு எழுதினேன்.